கொல்லைக் கோழியும் அதன் நோய்களும்



ஐதராபாத், சிகந்தராபாத் ஆகிய இரட்டை நகரங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் சில இன்றும் வீட்டின் பின்புறத்தில் ஐந்தாறு கோழிகளை வளர்த்து வருகின்றன. நகர எல்லையைத் தாண்டினால், சிற்றூர்தோறும் இதே காட்சியைக் காணலாம். இக்கோழிகளுக்கெனத் தனித் தீவனம் இல்லை. தனி வேலையாளும் இல்லை. சிந்திய தானியத்தையும் புழு பூச்சிகளையும் பொறுக்கித் தின்று, குழந்தைக்கு முட்டையையும் அவசரச் செலவுக்குக் கைப்பணத்தையும் அவை தருகின்றன. பெரும்பாலான வீடுகளில் இது பெண்களின் சொந்தக் கையிருப்பு. ஒரே வாரத்தில் கூடு காலியாகும்போது அந்தக் கையிருப்பும் காலியாகிறது. இவ்விழப்பைத் தடுக்கும் வழி என்ன என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

சிகந்தராபாத்தை அடுத்த பேகம்பேட்டையில் ஒரு பழைய கட்டடம் உண்டு. 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்தது அங்கேதான். மறு ஆண்டு கல்கத்தாவில் அவர் பறவைகளுக்கு வரும் மலேரியாவை ஆராய்ந்து, கொசுக்கடியினால் அது பரவுவதை மெய்ப்பித்தார். நோயாளியின் உடலை மட்டும் நோக்கினால் போதாது. நோய் எங்கே தங்கியிருக்கிறது, எவ்வழியாக வருகிறது என்பதையும் நோக்கவேண்டும் என்பது அவர் நமக்கு விட்டுச் சென்ற பாடம். கோழி வளர்ப்போர் மனத்தில் இருத்த வேண்டிய பாடமும் அதுவே.

கோழி நோய்களில் கொடியது ராணிகேத் நோய். தமிழில் வெள்ளைக் கழிச்சல் என்றும், இங்குள்ள தெலுங்கு மக்கள் கொக்கெர தெகுலு என்றும் இதனைச் சொல்வர். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரிலும் காணப்பட்ட இந்நோய், விரைவில் குமாவோன் மலையிலுள்ள ராணிகேத் என்னும் ஊரிலும் தோன்றியது. அதனால் இந்தியாவில் அவ்வூர்ப் பெயரே நிலைத்தது. கோழி வாயைத் திறந்து மூச்சுவிடும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். சில கோழிகளுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும், இறக்கை தொங்கிவிடும். காப்பு இல்லாத கூட்டில் நோய் நுழைந்தால், சில நாட்களில் ஏறத்தாழ எல்லாக் கோழிகளும் மடிவதுண்டு.

நோய் வந்தபின் இதனைக் குணப்படுத்தும் மருந்து இன்றளவும் இல்லை. ஆனால் வருமுன் காக்கும் மருந்து உண்டு. குஞ்சு பொரித்த 5 முதல் 7 நாட்களுக்குள் லசோட்டா அல்லது எப்-1 மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு துளி விடவேண்டும். நான்காவது வாரத்தில் மீண்டும் ஒரு துளி. 8 வாரம் நிறைந்தபின், இறக்கையடியில் தோலுக்குக் கீழே ஆர்-2-பி ஊசி போடவேண்டும். இவ்வூசி மருந்து 1940களில் அதே குமாவோன் மலையிலுள்ள முக்தேசுவர ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. இதற்கு ஒரு வாரம் முன்னதாகக் குடற்புழு மருந்து கொடுத்துவிடுவது நலம். நோய் கண்ட கோழிக்கு இவ்வூசியைப் போடலாகாது.

இங்கே ஓர் இடையூறு உண்டு. மருந்துக் குப்பி 100 கோழிகளுக்கும் அதற்கு மேலும் போதுமான அளவில் வருகிறது; நம்மிடம் இருப்பவையோ ஆறு கோழிகள். குப்பியைத் திறந்து கரைத்துவிட்டால் சுமார் 2 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். அதுவரை பனிக்கட்டியில் வைத்திருக்கவும் வேண்டும். ஆறு கோழிக்கு ஒரு குப்பியா என்று எண்ணிப் பலர் வாளாவிருந்துவிடுகின்றனர். இதற்கு எளிய வழி, தெருவினர் ஒன்றுசேர்வதுதான். பத்து வீட்டார் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு ஒரே குப்பியை வாங்கினால் செலவும் சிறிது, பயனும் பெரிது. கோழிக்கு வேலி கிடையாது. அடுத்த வீட்டுக் குப்பையைக் கிளறும் கோழி, அடுத்த வீட்டு நோயையும் சுமந்துகொண்டுதான் திரும்பும்.

அடுத்து, குஞ்சுகளைக் கொல்லும் இரத்தக் கழிச்சல். மூன்று வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரையுள்ள குஞ்சுகளை இது பெரிதும் தாக்கும். ஐமீரியா என்னும் நுண்ணிய ஒட்டுண்ணி இதற்குக் காரணம். எச்சத்தோடு வெளிவரும் அதன் விதைகள், ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள தரையில் ஓரிரு நாட்களில் நோய்தரும் தன்மையை அடைகின்றன. ஆகவே தெலங்கானத்தில் பருவமழை தொடங்கும் ஜூன் மாதத்திலிருந்து எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். பஞ்சாரத்தை நாள்தோறும் இடம் மாற்றி வைப்பதும், ஈரமான உமியை அகற்றிவிட்டு உலர்ந்த உமி பரப்புவதும், தண்ணீர்க் கிண்ணத்தைச் சற்று உயரத்தில் வைப்பதும் பாதி மருத்துவம். நோய் கண்டால், ஆம்ப்ரோலியம் என்னும் மருந்தைச் சீட்டில் குறித்துள்ள அளவில் குடிநீரில் கலந்து உடனே தரவேண்டும். சாதாரணக் கிருமிநாசினி அவ்விதைகளை அழிப்பதில்லை. வெயிலும் வறட்சியுமே அவற்றுக்குப் பகை.

தீனி தின்றும் கோழி இளைத்து, கொண்டை வெளிறி, முட்டை குறைந்தால் குடற்புழு இருக்கலாம். உருண்டைப் புழுவுக்குப் பைபரசின் போதும். நாடாப்புழுவுக்கு அது பயன்படாது. வேறு மருந்து வேண்டும். நாடாப்புழுவின் இளம் பருவம் எறும்பு, வண்டு முதலியவற்றின் உடலில் வளர்கிறது. அவற்றைக் கோழி தின்னும்போது புழுவும் உட்செல்கிறது. எனவே குப்பை மேட்டைக் கூட்டிற்குத் தொலைவில் வைப்பதும் மருத்துவத்தில் சேர்ந்ததே.

இனி, உடலுக்கு வெளியே இருந்து தாக்குபவை. இறகின் அடியில் வெண்ணிற முட்டைகள் கொத்தாக ஒட்டியிருந்தால் அது பேன். பேன் எந்நேரமும் கோழியின் மேலேயே வாழும். செவ்வுண்ணியும் கோழி உண்ணியும் அப்படியல்ல. பகலில் சுவர் வெடிப்பிலும் மரப் பொந்திலும் ஒளிந்திருந்து, இரவில் வந்து குருதியை உறிஞ்சிவிட்டுத் திரும்பிவிடும். பகலில் கோழியைத் தூக்கிப் பார்ப்பவர், ஒன்றுமில்லை என்று ஏமாந்துபோவார். இரவில் விளக்கை எடுத்துச் சென்று கூட்டின் இடுக்குகளைப் பாருங்கள், உண்மை விளங்கும். கோழி உண்ணி உணவின்றி ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்க வல்லது. ஆதலால் கூட்டைச் சில மாதம் காலியாக விட்டுவைத்தால் போதும் என்று கருத வேண்டாம்.

இவ்வுண்ணி கடிப்பதனால் ஒருவகைக் காய்ச்சலும் பரவுகிறது. அதிலும் கோழி பச்சையாகக் கழியும், சோர்ந்து விழும். ராணிகேத் என்று எண்ணிக் கைவிட்டுவிடுவோர் பலர். ஆனால் உண்ணிக் காய்ச்சலுக்குப் பெனிசிலின் நல்ல மருந்து. ஆகவே நோய் இன்னதென்று கால்நடை மருத்துவர் கூறக் கேட்காமல் முடிவு செய்வது, பிழைக்கக்கூடிய கோழியைச் சாகவிடுவதாகும். வெடிப்புகளைப் பூசி, சுண்ணாம்பு அடித்து, மருத்துவர் குறித்த பூச்சிமருந்தைக் கூட்டில் தெளியுங்கள். தீனியையும் தண்ணீரையும் முன்னதாக அப்புறப்படுத்தி, தெளித்த இடம் உலர்ந்தபின் கோழிகளை விடுங்கள். முட்டைகள் அழியாமல் தங்கிவிடுமாதலால், 7 முதல் 10 நாட்களுக்குள் மீண்டும் தெளிக்க வேண்டும். கோழி புரள்வதற்குச் சாம்பலும் மணலும் கலந்த குழி ஒன்று இருத்தல் நன்று.

ஆடி மாத போனாலு விழாவை முன்னிட்டு இந்நகரில் கோழி வாங்காத தெரு இல்லை. சந்தையிலிருந்து வரும் கோழியை அன்றே நம் கூட்டத்தோடு சேர்க்கலாகாது. இரண்டு வாரமேனும் தனியே வைத்துப் பார்த்தபின் சேர்க்க வேண்டும். கோழிகள் திடீரென்று கூட்டமாக இறந்தால், அவற்றை விற்கவும் வேண்டாம், உண்ணவும் வேண்டாம், வெறுங்கையால் தொடவும் வேண்டாம்; உடனே கால்நடைத் துறைக்குத் தெரிவியுங்கள். 2015 ஏப்ரலில் ஐதராபாத்தின் விளிம்பிலுள்ள அயத்நகர் வட்டாரத்துப் பண்ணைகளில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் கண்டது நினைவிருக்கலாம். அது மனிதரையும் தொற்றக்கூடியது.

கடைக்காரர் கொடுக்கும் மாத்திரையைக் கேள்வியின்றித் தண்ணீரில் கலக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். கோலிஸ்டின் என்பது மனிதருக்குக் கடைசிப் புகலிடமாக வைத்துள்ள மருந்து. அதனைக் கோழிகளுக்கும் பிற உணவுக் கால்நடைகளுக்கும் தருவதை இந்திய அரசு 2019 ஜூலையில் தடைசெய்தது. மருந்து தரும்போது, எத்தனை நாள் முட்டையை உண்ணாமல் விடவேண்டும் என்றும் கேட்டறிந்துகொள்ளுங்கள். அந்த முட்டை போவது நம் குழந்தையின் தட்டுக்குத்தான்.

இந்நகரின் இராஜேந்திர நகரில் மைய அரசின் கோழியின ஆராய்ச்சி இயக்ககம் இருக்கிறது. வனராஜா, கிராமப்பிரியா என்னும் கொல்லைப்புற இனங்கள் அங்கே உருவானவை. நல்ல இனத்தை அறிஞர் தந்துவிடலாம். அதனை உயிரோடு வைத்திருப்பது வளர்ப்பவர் கையில்தான் உள்ளது. நாளைக் காலையில் கூட்டைத் திறக்கும்போது கோழிகளை எண்ணுங்கள். தரையைத் தொட்டுப் பாருங்கள். சுவர் வெடிப்பைப் பாருங்கள். பின்னர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, தடுப்பு மருந்துக்கு நாள் குறியுங்கள்.