மாகாணங்கள் விட்டுக்கொடுத்த மலிவுக் கடன்



மக்களின் சேமிப்பை முதலீடு செய்யும் பொறுப்பைப் பல அரசுகள் சேர்ந்து சுமக்க முடியுமா? கனடா சுமந்து வருகிறது. அதற்காக அங்குள்ள மாகாணங்கள் பெரிய சலுகை ஒன்றைக் கைவிட வேண்டியிருந்தது.

கனடா ஓய்வூதியத் திட்டம் 1966-ல் தொடங்கியது. கியூபெக் மாகாணம் மட்டும் தனித் திட்டம் வைத்துக்கொண்டது. மற்ற இடங்களில் தொழிலாளரும் முதலாளியும் கட்டிய சந்தாவில், ஓய்வூதியம் கொடுத்ததுபோக மிஞ்சிய பணம் மாகாண அரசுகளுக்கே 20 ஆண்டுக் கடனாகப் போனது. வட்டியோ மத்திய அரசு கடன் வாங்கும் விகிதத்தில். வெளிச்சந்தையில் மாகாணங்களுக்கு அவ்வளவு மலிவாகக் கடன் கிடைத்திருக்காது.

1995-ல் தலைமைக் காப்பீட்டுக் கணிப்பாளரின் அறிக்கை வந்தது. இப்படியே போனால் 2015-க்குள் நிதி தீர்ந்துவிடும். அடுத்த தலைமுறை சம்பளத்தில் 14 சதவீதத்துக்கும் மேல் சந்தா கட்ட வேண்டிவரும் என்றது அது.

மத்திய அரசும் மாகாணங்களும் கூடிப் பேசின. 1996-ல் 5.6 சதவீதமாக இருந்த சந்தாவை 2003-க்குள் 9.9 ஆக்குவது என்று 1997-ல் முடிவாயிற்று. பிரிட்டிஷ் கொலம்பியாவும் சஸ்காட்செவனும் உடன்படவில்லை. மற்ற எட்டும் ஒப்புக்கொண்டன. மலிவுக் கடன் நின்றது. அரசுகளின் அன்றாடத் தலையீடு இல்லாத முதலீட்டு வாரியம் சட்டப்படி உருவானது.

அரசுகள் ஒதுங்கிவிடவில்லை. மத்திய, மாகாண நிதி அமைச்சர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை திட்டத்தைச் சேர்ந்து பரிசீலிக்கிறார்கள். வாரிய உறுப்பினர்களை மத்திய நிதி அமைச்சர் மாகாணங்களைக் கலந்தே தேர்ந்தெடுக்கிறார். முக்கிய மாற்றம் எதற்கும், மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்கைக் கொண்ட ஏழு மாகாணங்களாவது சம்மதிக்க வேண்டும். எந்தப் பங்கை வாங்குவது, எதை விற்பது என்பதில் மட்டும் அமைச்சர்கள் கைவைப்பதில்லை.

2025 மார்ச் இறுதியில் அந்த நிதி 714 பில்லியன் கனடிய டாலராக வளர்ந்திருந்தது. 2018-ல் அந்த வாரியம் முதலீடு செய்த இந்தியச் சாலை அறக்கட்டளையில் நம் கிருஷ்ணகிரி–தொப்பூர் சுங்கச்சாலையும் அடங்கியிருந்தது.

பூசல் இல்லாமல் இல்லை. தனித் திட்டம் தொடங்க விரும்பிய ஆல்பெர்ட்டா அரசு 2023-ல் வெளியிட்ட அறிக்கை, நிதியில் பாதிக்கும் மேல், 334 பில்லியன் டாலர், தன் பங்கு என்றது. மற்ற மாகாணங்கள் அதிர்ந்தன. ஆனாலும் விலகுவதற்கும் சட்டத்தில் வழியுண்டு: மூன்றாண்டு முன்னறிவிப்பு தர வேண்டும். சண்டைக்கும் விதி எழுதிவைத்தார்களே, அந்த முன்யோசனை போற்றத்தக்கது.

பொருளாதாரமும் வணிகவியலும் பொது நிர்வாகமும் படித்து இன்று பட்டம் பெறும் உங்களில் பலரது மேசைக்கு நாளை ஓய்வூதியக் கோப்பு வரும், மாநகராட்சிக் கடன் பத்திரம் வரும். இது யாருடைய பணம், யார் முடிவெடுப்பது, நட்டம் வந்தால் யார் பதில் சொல்வது என்று கேளுங்கள். பதிலைக் கோப்பிலேயே பதியச் சொல்லுங்கள். அந்தத் துணிவோடு பணிக்குச் செல்லும் உங்களுக்கும், உங்களைப் படிக்கவைத்த பெற்றோருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள்.