நீரடி இயந்திரங்களின் போட்டி

சல்லிக் கரையிலிருந்து வள்ளம் கடலேறிக் கண்ணுக்கு மறைந்தபின், கரையில் நிற்போர்க்குக் காத்திருத்தல் ஒன்றே தொழிலாகும். மாணாக்கர் அமைத்த நீரடி இயந்திரங்கள் போட்டியிடும் குளக்கரையில் அமர்ந்திருக்கும் பார்வையாளரின் நிலையும் அத்தகையதே. ஓட்டப் பந்தயத்தில் முந்துபவன் யார் என்பது கண்ணெதிரே விளங்கும். இங்கோ, இயந்திரம் அமிழ்ந்ததும் எஞ்சுவன நீர்ப்பரப்பும் சில குமிழிகளுமே.

இவ்வியந்திரங்கள் இருவகைப்படும். ஒன்று வடத்தினாற் கரையுடன் பிணைக்கப்பட்டது. அது அனுப்பும் காட்சியைத் திரையிற் கண்டு மாணாக்கர் அதனைச் செலுத்துவர். மற்றையது வடமற்றது. வானொலி அலைகள் கடல்நீரில் நெடுந்தூரம் செல்லமாட்டா. ஆதலின் அது தன் வழியைத் தானே தேரவேண்டும். நீரில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 1,500 மீற்றர் விரைவிற் செல்லும்; அவ்வொலியைச் செவிமடுத்தே அது இலக்கை நாடும். அமெரிக்காவில் 1998 ஆம் ஆண்டில் ஆரம்பமான போட்டி இவ்வகையினது. சென்னையிலுள்ள தேசிய சமுத்திரத் தொழில்நுட்ப நிறுவனமும் இந்திய மாணவர்க்கு இத்தகைய போட்டியை நடத்தியுள்ளது.

வடமுள்ள இயந்திரங்களுக்கெனக் கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் 2004 ஆம் ஆண்டில் நிகழ்ந்த போட்டி பெரிதும் பேசப்பட்டது. பீனிக்ஸ் என்னும் பாலைவன நகரத்து உயர்நிலைப் பள்ளி மாணவர் நால்வர், பல்கலைக்கழகங்கள் போட்டியிடும் பிரிவிற் புகுந்தனர். நால்வரும் மெக்சிக்கோவிலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பத்தினர். ஏறக்குறைய 800 டொலர் செலவில், பிளாஸ்திக் நீர்க்குழாய்களைக் கொண்டு அவர்கள் இயந்திரத்தை அமைத்திருந்தனர். போட்டியிடத்தில் மின்கருவிப் பெட்டிக்குள் நீர் கசிந்தது. மகளிர் உபயோகிக்கும் பஞ்சுச் சுருள்களை உள்ளே வைத்து அந்நீரை உறிஞ்சச் செய்தனர். நீருக்குள் நிகழ்ந்த சோதனையில் அவர்களுக்குக் கிடைத்தது மூன்றாம் இடமே. ஆயினும் ஒவ்வோர் உறுப்பையும் ஏன் அவ்வாறு அமைத்தனர் என்று நடுவர் வினவியபோது அவர்கள் தெளிவுற விடையிறுத்தனர். முடிவில் புகழ்பெற்ற மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தையும் விஞ்சி முதலிடம் பெற்றனர்.

கடலையே காணாத ஊரிலிருந்து வந்தவர்க்கு இது கைகூடிற்று. திருகோணமலைக் கடலோ ஆராய்வாரை என்றும் அழைத்து நிற்பது. போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் செதுக்குக் கற்களை, ஆர்தர் கிளார்க்கும் மைக் வில்சனும் 1956 ஆம் ஆண்டில் பாறையடியில் மூழ்கிக் கண்டனர். எனினும் மனிதன் மூழ்குதற்கு எல்லையுண்டு. ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்திற்கும் வளிமண்டல அமுக்கம் ஒன்று அவன் உடல்மீது கூடுகின்றது. துறைமுக வாயிலுக்கு அப்பாலோ கடலடியில் ஆழ்ந்த பெரும் பள்ளத்தாக்கு ஒன்று கிடக்கின்றது. அங்கே செல்லத்தக்கது இயந்திரமே.

சோழகக் காற்றில் நீரோட்டம் எப்பக்கம் இழுக்கும், பாறை எங்கே மறைந்துள்ளது என்பவற்றைச் சல்லிச் சிறுவர் தந்தையரிடமே கற்கின்றனர். விலைகொடுத்துப் பெறமுடியாத அறிவு அது. அதனோடு பள்ளிக்கூடத்துப் பௌதிகமும், சில குழாய்களும், ஏன் என்று வினவும் ஆசிரியர் ஒருவரும் சேர்வாராயின், கரையிற் காத்திருப்போர் காணாத ஆழத்தை அச்சிறுவர் ஒருநாள் திரையிற் காட்டுதல் கூடும்.