வெள்ளைச் சேலையும் வெண்கலக் குரலும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



சாதித்த பெண் ஒருத்தரைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். பெரிய பெரிய பேரெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. ஆனா நான் யோசித்துப் பார்த்து, இங்க இருக்கிற ஒவ்வொருத்தர் காதுக்கும் பழக்கமான ஒரு அம்மாவை எடுத்துக்கொண்டேன். கழுகுமலையில் பங்குனி உத்திரம் என்றாலும் சரி, நம்ம ஊர்க் கோயில் கொடை என்றாலும் சரி, ரேடியோ செட்டில் கணீர்னு ஒரு அம்மா முருகனைக் கூப்பிடுவாங்களே, அவங்கதான். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் அம்மா. பாட்டு எல்லாருக்கும் தெரியும். அந்த அம்மா வாழ்ந்த வாழ்க்கை நிறையப் பேருக்குத் தெரியாது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

1908-ல் காவேரிக் கரையில் இருக்கிற கொடுமுடியில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா தவறிவிட்டார். அம்மா பாலாம்பாள், தன் தம்பி துணையோடு பிள்ளைகளை வளர்த்தார். கஞ்சிக்கே கஷ்டம். அந்தக் குடும்பத்தில் சொத்து என்று இருந்தது இந்தப் பிள்ளையின் தொண்டை ஒன்றுதான். ரயிலில் பாடியிருக்கிறார். பாட்டைக் கேட்டவர்கள் வேலு நாயர் நாடகக் கம்பெனியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அப்போது பத்து வயசு இருக்கும். நல்லதங்காள் நாடகத்தில் பசியில் அழுகிற பிள்ளை வேஷம். நல்லதங்காள் கதை நமக்கெல்லாம் தெரியும். பசின்னா என்னன்னு அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

அதற்குப் பிறகு இலங்கை வரைக்கும் போய் நாடகத்தில் நடித்தார். அங்கேதான் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து நடித்தது. கிட்டப்பா நம்ம பக்கத்து ஆள்தான், செங்கோட்டைக்காரர். இரண்டு பேரும் நடித்த வள்ளி திருமணம் நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளும் நம்ம தூத்துக்குடிச் சீமையில் பிறந்தவர். இன்றைக்கும் நம்ம ஊர்த் திருவிழாவில் விடிய விடிய உட்கார்ந்து வள்ளி திருமணம் பார்க்கிறோம் இல்லையா, அந்த நாடகத்தில் வள்ளி என்றாலே அந்தக் காலத்தில் சுந்தராம்பாள்தான்.

1927-ல் இரண்டு பேருக்கும் கல்யாணம் நடந்தது. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஊரில் மனைவி இருந்தார். அதனால் வந்த மனக்கஷ்டமும் பிரிவும் எல்லாம் உண்டு. பெரிய மேடையில் நிற்கிற பெண்ணுக்கும் வீட்டுக்குள்ளே நம்ம மாதிரி அழுகை இருந்திருக்கிறது. 1933 டிசம்பரில் கிட்டப்பா உடம்பு முடியாமல் இறந்துபோனார். அவருக்கு 27 வயசு. சுந்தராம்பாள் அம்மாவுக்கு 25.

அன்றைக்கு வெள்ளைச் சேலை கட்டினவர்தான். 1980-ல் கண் மூடுகிற வரைக்கும் 47 வருஷம் அதே வெள்ளைச் சேலை, நெற்றியில் திருநீறு, வாயில் முருகன் பேர். எந்த ஆணோடும் இனி ஜோடியாக நடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கொஞ்ச காலம் மேடைக்கே வரவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்க. 25 வயசில் புருஷனை இழந்த பெண்ணை 1933-ல் ஊர் என்ன சொல்லியிருக்கும்? எதிரே வராதே, விசேஷ வீட்டில் முன்னாடி நிற்காதே, மூலையில் உட்கார் என்றுதான் சொல்லியிருக்கும். ஆனா அவர் மூலையில் உட்காரவில்லை. திரும்ப மேடைக்கு வந்தார். கச்சேரி பண்ணினார். காங்கிரஸ் கூட்டங்களில் சுதந்திரப் பாட்டுப் பாடினார். 1935-ல் நந்தனார் படத்தில் நந்தனாராக, ஆண் வேஷத்திலேயே நடித்தார். அதுக்கு அவர் வாங்கின சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். இன்றைக்கு நம்ம குழுவுக்கு வங்கி இணைப்பில் லட்சக் கணக்கில் கடன் கிடைக்கிறது. 90 வருஷத்துக்கு முன்னே ஒரு லட்சம் என்றால் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

1951-ல் சென்னை மாநில சட்ட மேலவைக்கு உறுப்பினராகப் போனார். இந்தியாவிலேயே சினிமாவிலிருந்து சட்டமன்றத்துக்குள் போன முதல் ஆள் இவர்தான் என்று சொல்வார்கள். பின்னாடி எத்தனையோ பேர் போனார்கள். கதவைத் திறந்தது வெள்ளைச் சேலை கட்டின ஒரு பொம்பளை.

1953-ல் ஜெமினி வாசன் எடுத்த ஔவையார் படம் வந்தது. தமிழ்நாடே அவரை அவ்வையாகப் பார்த்தது. அப்புறம் திருவிளையாடல், பூம்புகார், கந்தன் கருணை. அறுபது வயசு தாண்டின பிறகும் குரல் தேயவில்லை. 1969-ல் வந்த துணைவன் படத்தில் பாடினதுக்கு நாட்டிலேயே சிறந்த பின்னணிப் பாடகி என்று தேசிய விருது. 1970-ல் பத்மஸ்ரீ. பத்து வயசில் வேலைக்குப் போனவர், அறுபது வயசுக்கு மேலும் வேலை செய்தார். குடும்பத்தைத் தாங்கினார். சாமியை விடவில்லை. பாட்டையும் விடவில்லை.

இதெல்லாம் ஒரு சினிமாக்காரம்மா கதை, நமக்கு என்ன என்று கேட்கலாம். நமக்குத்தான் இது ரொம்ப வேண்டியது. ஏன் என்று சொல்கிறேன்.

எங்க குழுவில் ஒரு அக்கா இருக்கிறார். பேர் சொல்ல வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் இறந்தபோது இரண்டும் பெண் பிள்ளைகள், சின்னதுக்குப் பால் குடி மறக்கவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போய், பருத்தி எடுக்கப் போய், உளுந்து பிடுங்கப் போய்ப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். குழு ஆரம்பித்ததிலிருந்து ஒரு மாசம் சந்தா பாக்கி வைத்தது கிடையாது. கணக்குப் புத்தகம் அவர் கையில்தான். ஒரு ரூபாய் பிசகாது. குரலும் அருமையான குரல்.

அந்த அக்காவை ஒரு விழாவுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். எந்த விழா, யார் நடத்தினது என்பதெல்லாம் இப்போ வேண்டாம். குத்துவிளக்கு ஏற்ற ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருத்தர் வாங்க என்றார்கள். நாங்க அக்காவைத்தான் போகச் சொன்னோம். பக்கத்தில் நின்றவர் மெதுவாக, "மங்கலமா வேற யாராவது வரட்டுமேம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அக்காவும் ஒன்றும் பேசவில்லை. அவராகவே நகர்ந்து போய், டீ கேன் இருந்த இடத்தில் நின்றுகொண்டார். பழகிப்போன கால், தானாக நடந்து போய்விட்டது. எனக்கு அதைப் பார்க்கத்தான் தாங்கவில்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசினோம். எல்லாரும் ஒரே கருத்தில் இல்லை. ஒரு ஆச்சி சொன்னார், "ஏட்டி, சாங்கியம்னு ஒண்ணு இருக்கு, அதை மாத்தக்கூடாது." ஆச்சி கெட்டவர் இல்லை. நமக்கு ஏதாவது ஆகிவிடக்கூடாதே என்கிற பயம்தான். அதனால் சண்டை போடவில்லை. நான் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். "ஆச்சி, நாம யாருக்கு நோன்பு இருக்கோம்?"

தை, மாசி, ஆடி என்று செவ்வாய்க்கிழமை ராத்திரி ஔவையார் நோன்பு இருக்கிறோமே. ஆம்பளை வாடை கூடாது, ஆண் குழந்தைகூட உள்ளே வரக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு, உப்பில்லாத கொழுக்கட்டை அவித்து வைத்துக் கும்பிடுகிறோமே. எதுக்கு? தாலி நிலைக்கணும், பிள்ளை வரம் வேணும், குடும்பம் நல்லா இருக்கணும் என்று. யாரைக் கும்பிடுகிறோம்? அவ்வையை. அந்த அவ்வைக்குப் புருஷன் கிடையாது, தாலி கிடையாது, பூ கிடையாது. தாலி இல்லாத கிழவியிடம்தான் தாலி பாக்கியம் கேட்கிறோம். அப்படி இருக்கும்போது நம்ம அக்கா ஏற்றினால் விளக்கு எரியாதா? அந்த அவ்வையாக நடிக்க நாட்டில் பூவும் பொட்டுமாக எத்தனையோ பேர் இருந்தும், வெள்ளைச் சேலை கட்டின சுந்தராம்பாள் அம்மாவைத்தானே கூப்பிட்டார்கள்? அவர் பாட்டைப் போட்டுத்தானே நம்ம கோயிலில் கொடையே நடக்கிறது? குரல் மங்கலம் என்றால் ஆள் எப்படி அமங்கலம் ஆவார்?

ஆச்சி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "சரி, எழுதுங்க" என்றார். தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம். எங்க குழுவில் எந்த விசேஷம் என்றாலும் விளக்கு ஏற்றுவது உறுப்பினர் பட்டியல் வரிசைப்படி, முறை வைத்து. புருஷன் இருக்கிறாரா இல்லையா என்று பார்க்கக்கூடாது. பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். ஆச்சியும் போட்டார்.

போன விழாவில் அக்கா முறை வந்தது. சாதாரணமாக வந்து ஏற்றினார். காற்று நமக்குத் தெரியும்தானே, சும்மாவா காத்தாடி காத்தாடியா நட்டு வைத்திருக்கிறார்கள். இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவது தடவை ஆச்சியே எழுந்து வந்து முந்தானையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டார். நின்று எரிந்தது. அப்புறம் அக்கா போய் உட்கார்ந்து வழக்கம்போலக் கணக்கு வாசித்தார். அவர் பெரிய மகள் எங்க பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு அவள் கல்யாணத்தில் அவங்க அம்மா கூட்டத்துக்குப் பின்னாடி நிற்க வேண்டாம் என்று அவளுக்கு இப்போ தெரியும்.

அக்காமாரே, நம்ம கூட்டமைப்பில் வீட்டுக்காரரை இழந்தவர்கள், விட்டுப் போனவர்கள் ஒவ்வொரு குழுவிலும் இருக்கிறார்கள். கடனை ஒழுங்காகக் கட்டுவது அவர்கள். கூட்டத்துக்கு முதலில் வந்து ஜமுக்காளம் விரிப்பது அவர்கள். விளக்கு என்று வந்தால் மட்டும் ஒதுங்குவதும் அவர்கள். அவர்களாக முன்னாடி வரமாட்டார்கள். நாம்தான் கையைப் பிடித்துக் கூப்பிட வேண்டும்.

அதனால் கூட்டமைப்புத் தலைவி அவர்களிடம் இந்த மேடையிலேயே ஒரு கோரிக்கை வைக்கிறேன். எங்க குழுவில் எழுதின தீர்மானத்தை எல்லாக் குழுவிலும் எழுதச் சொல்லுங்க. அடுத்த வருஷ ஆண்டு விழாவில் முதல் திரியை அந்தச் சகோதரிகளில் ஒருத்தர் ஏற்றட்டும். செலவு ஒன்றும் கிடையாது. சங்கத்துப் பணத்தில் ஒரு பைசா எடுக்க வேண்டாம். ஒரு தீப்பெட்டி போதும். அதுவும் நம்ம ஊர் தீப்பெட்டி.