நாற்காலியில் இருந்து தொடங்குவோம்

(புதுப்பட்டினத்தில் கடை, உணவகம், விடுதி நடத்துவோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்ம ஊரில் தொழில் செய்பவர்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் இருக்கு. பக்கத்திலேயே கல்பாக்கம். அணுமின் நிலையத்தில் நிரந்தர வேலை கிடைத்தால் குடியிருப்பு, மருத்துவமனை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று எல்லாம் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரைக்கும் விடுதிகள் வேறு. "சொல்லிக்கொடுத்து ஆளாக்கினதும் கிளம்பிடறாங்க சார்" என்று பலர் சொல்றீங்க. சம்பளத்தில் அவர்களோடு போட்டி போட நம்மால் முடியாது. ஆனால் ஊழியரை மதிக்கிறதில் யாரோடும் போட்டி போடலாம். அதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை.

முதலில் ஒரு நாற்காலி. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் வந்தது. 2021-ல் அதைத் திருத்தி, ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வசதி கட்டாயம் என்று கொண்டு வந்தார்கள். கேரளா 2018-லேயே செய்துவிட்டது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண்களின் கால்வலியை நினைத்தால் இதன் அருமை புரியும். "நாற்காலி போட்டாச்சு, யாரும் உட்கார மாட்டேங்கிறாங்களே" என்று சிலர் கேட்கலாம். வீட்டில் இருந்தபடி போனில் சிசிடிவி பார்த்து, "ஏம்மா சும்மா உட்கார்ந்திருக்க?" என்று ஒரு தடவை கேட்டால் போதும், அப்புறம் எவரும் உட்கார மாட்டார். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் "உட்காரும்மா" என்று நீங்களே சொல்லுங்க.

இரண்டாவது, கணக்கு. சம்பளம் சொன்ன தேதியில் வங்கிக் கணக்கில் விழணும். பி.எஃப். பிடித்தால் அது கட்டப்பட்டதா என்று ஊழியருக்குத் தெரியணும். உமாங் செயலியில் யு.ஏ.என். எண்ணைக் கொடுத்து பாஸ்புக் பார்க்க, நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுங்க. யு.ஏ.என்.-இல் பதிவு செய்த கைபேசியிலிருந்து 99660 44425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தாலும் இருப்பு விவரம் குறுஞ்செய்தியாக வரும். 'முதலாளி நம்ம காசைச் சரியாகக் கட்டுறார்' என்று கண்ணால் பார்த்தவருக்கு வருகிற நம்பிக்கை, தீபாவளி இனிப்புப் பெட்டியில் வராது.

பொதுவாக 20 பேர் இருந்தால்தான் பி.எஃப்., 10 பேர் இருந்தால்தான் இ.எஸ்.ஐ. "என் கடையில் நாலே பேர்தான்" என்பவர்களும் ஒன்று செய்யலாம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாத, 16 முதல் 59 வயது வரையுள்ள அமைப்புசாரா தொழிலாளர்கள் இ-ஷ்ரம் தளத்தில் இலவசமாகப் பதியலாம். தையல், சமையல், முடிதிருத்தும் வேலை செய்வோருக்குத் தமிழ்நாடு அரசின் நல வாரியங்கள் தனியாகவே இருக்கு. பிள்ளைகளின் படிப்பு, திருமணம், ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. விண்ணப்பிக்க அரை நாள் அனுமதி கொடுங்க. அந்த அரை நாள் சம்பளத்தையும் பிடிக்காதீங்க.

மூன்றாவது, ஓய்வு. கடை 365 நாளும் திறந்திருக்கலாம், ஆள் 365 நாளும் நிற்க முடியாது. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை சட்டப்படியான உரிமை. அன்றைக்கு வாட்ஸ்அப் குழுவில் "அந்தச் சாவி எங்கே, இந்த பில் எங்கே" என்று கேட்டால் அது விடுமுறை ஆகாது.

கடைசியாக, பேச்சு. தப்பு நடந்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்க, நல்லது செய்தால் எல்லார் முன்னாடியும் பேரைச் சொல்லிப் பாராட்டுங்க. நிறைய இடத்தில் இது தலைகீழாகத்தான் நடக்குது. ஆலோசனையும் கேளுங்க. எந்தப் பொருளைக் கேட்டு இல்லையென்று எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்பது கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது, கவுண்டரில் நிற்கிறவருக்குத்தான் தெரியும். அவர் சொன்ன யோசனையை நடைமுறைப்படுத்தினால், "இது அவர் சொன்னது" என்று சொல்லுங்க. மறுநாள் அவர் வேலைக்கு வருகிற விதமே மாறியிருக்கும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நாற்காலி, விடுமுறை, பி.எஃப். எல்லாம் ஊழியரின் உரிமை, நாம் போடும் தருமம் இல்லை. அதைக் கொடுத்துவிட்டு நன்றியை எதிர்பார்க்கக் கூடாது. உரிமையைக் கொடுத்த பிறகு நீங்கள் சொல்கிற பாராட்டுக்குத்தான் மதிப்பு. அது இல்லாமல் 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இதைக் கைபேசியில் படிக்கும் ஊழியர்களே, உங்கள் யு.ஏ.என். எண் உங்களிடம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். முதலாளிகளே, நாளைக் காலை கடை திறந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இங்கே வேலை செய்ய உங்களுக்கு என்ன சிரமம்?" பதிலைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள். ஒரு வாரத்துக்குள் அதில் ஒன்றையாவது சரிசெய்யுங்கள்.