வெளியே குளோரைடு, உள்ளே குளோரிடோ

அணைவுச் சேர்மங்களின் பெயர்களைத் தமிழில் எழுதுவது பற்றிப் பேசக் கூடியிருக்கும் இந்தக் கருத்தரங்கு, மூன்று குளோரின்களிலிருந்து தொடங்குவது பொருந்தும்.

கோபால்ட், அம்மோனியா, குளோரின் சேர்ந்த உப்புகள் பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியலரைத் திணறடித்தன. ஒன்று மஞ்சள், ஒன்று செவ்வூதா, ஒன்று பச்சை. அமைப்பு பிடிபடாததால் நிறமே பெயராயிற்று: லூட்டியோ, பர்பூரியோ, ப்ராசியோ. வேறு சில உப்புகள் கண்டவர் பெயரைச் சுமந்தன.

மூன்றிலும் ஒரு கோபால்ட்டுக்கு மூன்று குளோரின்தான். ஆனால் சில்வர் நைட்ரேட் கரைசலை ஊற்றினால், மஞ்சள் உப்பு மூன்று குளோரினையும் வெள்ளை வீழ்படிவாகக் கொடுத்துவிடும். செவ்வூதா இரண்டைத்தான் கொடுக்கும். பச்சை ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும். மீதிக் குளோரின் எங்கே போயிற்று?

1893இல், 26 வயதில், சூரிச்சிலிருந்து ஆல்ஃபிரட் வெர்னர் பதில் சொன்னார். கோபால்ட் தன்னைச் சுற்றி ஆறு இடங்களில் ஈனிகளை, அதாவது தன்னோடு பிணையும் அயனிகளையோ மூலக்கூறுகளையோ, இறுகப் பிடித்திருக்கிறது. அந்த ஆறு இடங்களால் ஆன கோளத்துக்குள் புகுந்த குளோரின் எளிதில் வெளியே வராது. இந்தக் கொள்கை அவருக்கு 1913இல் நோபல் பரிசைத் தந்தது.

இன்றைய பெயரில் அந்தச் சோதனைக்குழாயின் முடிவு அப்படியே இருக்கிறது. செவ்வூதா உப்பு பென்டாஅம்மீன்குளோரிடோகோபால்ட் குளோரைடு. கோபால்ட்டை அடுத்து அடைப்புக்குறிக்குள் ரோமன் எண் மூன்று வரும். ஒரே தனிமம், ஒரே சேர்மம், இரண்டு பெயர்கள். உள்ளே இருப்பது குளோரிடோ, வெளியே இருப்பது குளோரைடு. இதைவிடச் சிக்கனமாக ஒரு சேர்மத்தின் அமைப்பைச் சொல்ல முடியுமா என்பது ஐயமே.

இந்த நிலையை எட்ட நெடுங்காலம் ஆனது. உலோகத்தின் ஆக்சிஜனேற்ற நிலையை வெர்னர் அதன் பெயரின் ஈற்றொலியால் காட்டினார்: ஒன்றுக்கு ‘அ’, இரண்டுக்கு ‘ஒ’, மூன்றுக்கு ‘இ’. ரோமன் எண்ணை 1919இல் முன்மொழிந்தவர் ஆல்ஃபிரட் ஸ்டாக். முன்பு வழங்கிய குளோரோவைக் குளோரிடோ ஆக்கியது பன்னாட்டு வேதியியல் அமைப்பான ஐயூபேக்கின் 2005ஆம் ஆண்டுப் பரிந்துரை.

பெயரில் துல்லியம் ஏன் வேண்டும்? 1828இல் மேக்னஸ் அறிவித்த பச்சை உப்பும், 1840களில் பெய்ரோன் தயாரித்த மஞ்சள் உப்பும் தனிம விகிதத்தில் ஒன்றே. முன்னது டெட்ராஅம்மீன்பிளாட்டினம் டெட்ராகுளோரிடோபிளாட்டினேட். பின்னது சிஸ்-டைஅம்மீன்டைகுளோரிடோபிளாட்டினம், 1978இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டின். ‘சிஸ்’ என்ற முன்னொட்டு ‘டிரான்ஸ்’ ஆனால் அது மருந்தாகாது.

இனி, தமிழ். ஈனிகளை அகரவரிசையில் அடுக்கு என்கிறது விதி. எந்த அகரவரிசை? ரோமன் எழுத்து வரிசையில் புரோமிடோ முதலில், குளோரிடோ பிறகு. தமிழ் நெடுங்கணக்கில் ககரம் பகரத்துக்கு முந்தியது; வரிசை தலைகீழாகிவிடும். அம்மீனும் அக்வாவும் அப்படியே: ரோமனில் அம்மீன் முந்தும், தமிழில் அக்வா முந்தும். விதியைத் தமிழில் மட்டும் படித்த மாணவர் அதன்படியே எழுதினாலும் உலகம் ஏற்காத பெயர் கிடைக்கும். ஆகவே ரோமன் வரிசையே இருக்கட்டும்; ஆனால் ‘அகரவரிசை’ என்று வெறுமனே எழுதாமல், ஈனிகளைத் தமிழ் வடிவத்தோடு ரோமன் வரிசையில் அடுக்கிய அட்டவணை ஒன்று ஒவ்வொரு பாடநூலிலும் இருக்க வேண்டும்.

தமிழ் எளிதாக்கும் இடமும் உண்டு. ஈனியாகும் அம்மோனியா ‘அம்மீன்’. கரிமச் சேர்ம வகை ஒன்றின் பெயர் ‘அமீன்’. ஆங்கிலப் பேச்சில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றுபோல ஒலிக்கும். கனியையும் கன்னியையும் பிரித்துக் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த இரட்டை மகரம் தப்பாது. கரும்பலகையில் ஒரு ‘ம்’ விடுபட்டால்கூட வகுப்பு திருத்திவிடும்.

உலோகப் பெயரில்தான் இன்னும் உடன்பாடு வேண்டும். எதிரயனியில் வெள்ளி ‘அர்ஜென்டேட்’ ஆகிறது. முலாம் பூசும் தொட்டியில் இருப்பது டைசயனிடோஅர்ஜென்டேட். நேரயனியில் எழுத வேண்டியது டைஅம்மீன்வெள்ளியா, டைஅம்மீன்சில்வரா? சில்வர் நைட்ரேட் என்றே சொல்லிப் பழகிய ஆய்வகத்தில் ‘சில்வர்’ நிற்பதே இசைவு. இரும்புக்கும் ஈயத்துக்கும் அதே வழியா என்பதை முதல் அமர்வு முடிவு செய்யட்டும்.