மருந்துக்கும் பாஸ்புக் உண்டு
(கூட்டமைப்புப் பிரதிநிதிகள் கூட்டத்தில் பேசியது)



குழுவில் சேமிப்பு எவ்வளவு, கடன் பாக்கி எவ்வளவு என்று கேட்டால் பாஸ்புக்கைப் பார்த்து உடனே சொல்லிவிடுகிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர் மாத்திரை இருப்பு எவ்வளவு என்று கேட்டால், "அது அவங்க வேலை, நமக்கென்ன"ன்னு இருந்துவிடுகிறோம். அங்கேயும் கணக்கு இருக்கு. அதில் நமக்கும் பங்கு இருக்கு.

அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்க 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டர். மொத்தமாக வாங்குவதால் விலை குறையும். வந்த மருந்தைப் பரிசோதனைக் கூடத்தில் சோதித்த பிறகே வெளியே அனுப்புவார்கள். மாவட்டக் கிடங்கில் இருந்து சுகாதார நிலையங்களுக்கு மருந்து போகும்.

எந்த நிலையத்துக்கு எவ்வளவு? இதற்குத்தான் பாஸ்புக். வருடத்துக்கு இவ்வளவு ரூபாய் மருந்து என்று ஒதுக்கி, எடுக்க எடுக்கக் கழிப்பார்கள். இப்போது கணினியிலும் கணக்கு வைக்கிறார்கள். 2011-ல் ராஜஸ்தானும் இதே போன்ற கழகத்தைத் தொடங்கியது.

சரி, ஏற்பாடு நல்லா இருக்கே, பிறகு ஏன் சில நேரம் "மாத்திரை இல்லை" என்ற பதில் வருகிறது? போன மாதங்களில் எத்தனை பேர் வாங்கினார்களோ, அதை வைத்துத்தான் மருந்தாளுநர் அடுத்த தேவையை எழுதுவார். நாம் ஒரு மாதம் போய், இரண்டு மாதம் போகாமல் இருந்தால் கணக்கில் தேவை குறைந்துதான் தெரியும். திடீரென்று எல்லோரும் போனால் பற்றாக்குறை வரும். மழைக்காலத்தில் காய்ச்சல் மருந்துக்கும் இதே கதைதான்.

ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை, பிள்ளையார்பாளையம் என்று நம்ம பக்கம் தறி ஓடும் வீடுகள் ஏராளம். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. குழுக் கூட்டங்களில் நாங்கள் அடிக்கடி கேட்பது இது: "பிரஷர் மாத்திரை தீர்ந்து போச்சு, பத்து நாளா போடலை. உடம்பு நல்லாத்தானே இருக்கு?" சகோதரிகளே, பிரஷர் ஏறுவது வெளியே தெரியாது. பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துவிட்டால் தறி நிற்கும். தறி நின்றால் வீடு என்ன ஆகும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டு வருபவர்கள் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள். நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்கள்தான். அவர்களுடைய பட்டியல் சரியாக இருந்தால் மருந்து இருப்பும் சரியாக இருக்கும்.

ஆகவே ஒவ்வொரு குழுவும் செய்ய வேண்டியவை:

1. சுகர், பிரஷர் உள்ளவர்களின் பெயர், மாத்திரை தீரும் தேதி இரண்டையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். தன்னார்வலரிடம் காட்டுங்கள்.

2. மாத்திரை தீருவதற்கு ஒரு வாரம் முன்பே வாங்குங்கள்.

3. "இல்லை" என்றால் சும்மா திரும்பாதீர்கள். எப்போது வரும், அதுவரை என்ன செய்வது என்று டாக்டரிடம் கேளுங்கள். தேதியோடு எழுதி வையுங்கள். மறுபடியும் இல்லை என்றால் கூட்டமைப்பில் சொல்லுங்கள், 104-க்கும் போன் செய்யுங்கள்.

4. பக்கத்து வீட்டு மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள். பணக் கடன் வேறு, மருந்து வேறு.

5. அரிசிப் பானையில் பழைய அரிசியை முதலில் எடுப்பது போல, காலாவதி தேதி முன்னால் வருவதை முதலில் போடுங்கள். அடுப்பு, ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள்.

சண்டை போடச் சொல்லவில்லை. மருந்தாளுநரும் ஒரே ஆளாக நூற்றுக்கணக்கான பேரைப் பார்க்கிறார். நம்ம நோட்டு அவருக்கும் உதவும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது கடன் நோட்டோடு மாத்திரை நோட்டையும் எடுத்து வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.