பெரியப்பா எழுதாத ஆய்வுக் கட்டுரை

இன்னைக்கு எபிசோட் ரெஃபரென்ஸ் லிஸ்ட் பத்தி. ஜர்னலுக்கு அனுப்புற கட்டுரையோட கடைசியில, யாரும் படிக்காததுன்னு நாம நினைக்கிற அந்த மூணு நாலு பக்கம். ஓடிடாதீங்க. இதுல நம்ம ஊர் ஆளுக பேரே தொலைஞ்சு போகுது, அதனாலதான் பேசுறேன்.

நம்ம மாவட்டத்துக்காரர் ஒருத்தரை வச்சே ஆரம்பிக்கலாம். ஏ.பி.ஜே. அப்துல் கலாம், ராமேஸ்வரம். முன்னால இருக்கிற அவுல், பக்கீர், ஜைனுலாப்தீன் மூணும் குடும்பத்துப் பெரியவங்க பேர். ஜைனுலாப்தீன் அவரோட அப்பா. அவரோட சொந்தப் பேர் ‘அப்துல் கலாம்’. அருண் திவாரியோட சேர்ந்து எழுதின ‘விங்ஸ் ஆஃப் ஃபயர்’ 1999-ல வந்துச்சு. அதை மேற்கோள் காட்டுற எத்தனையோ கட்டுரைகள்ல ‘கலாம், ஏ.பி.ஜே.ஏ.’ன்னு இருக்கும். கடைசியில இருக்கிற அந்த ‘ஏ’ என்னன்னு யோசிங்க. அப்துல். அரபியில ‘அப்துல்’னா ‘இன்னாரின் அடியார்’னு பொருள். அடுத்த சொல் இல்லாம அது தனியா நிக்காது. ஒரே பேரை நடுவுல வெட்டி, பாதியை இனிஷியலாக்கி, மீதியைக் குடும்பப் பேராக்கிட்டாங்க. நூலகத்துக்காரங்க ‘அப்துல் கலாம், ஏ.பி.ஜே.’ன்னு போடுறதுதான் சரி.

இதைச் செய்யுறது பெரும்பாலும் மனுஷன் இல்ல, சாஃப்ட்வேர். நான் அந்தத் தொழில்ல இருக்கிறதால உள்ளே என்ன நடக்குதுன்னு சொல்றேன். லேடெக் பயன்படுத்துறவங்களுக்குப் பிப்டெக்ஸ் தெரியும், 1985-ல வந்தது. அதுல பேரைக் கமா இல்லாம எழுதுனா, கடைசி வார்த்தையைக் குடும்பப் பேர்னு எடுத்துக்கும். மேற்கத்தியப் பேருக்கு அது பெரும்பாலும் சரியா வரும். நமக்கு வராது. ‘அப்துல் கலாம்’ங்கிற ரெண்டு வார்த்தையையும் ஒரே சுருள் அடைப்புக்குள்ள வச்சு, கமா போட்டு, அப்புறம் இனிஷியலை எழுதணும். அடைப்புக்குள்ள இருக்கிறதை அது பிரிக்காது.

ஜோட்டெரோ மாதிரி மென்பொருள்ல ரெண்டு பெட்டி இருக்கும்: குடும்பப் பேர், முதல் பேர். டிஓஐ எண்ணைக் கொடுத்தா விவரம் தானா வந்து விழுது இல்லையா, அது பெரும்பாலும் கிராஸ்ரெஃப்ல பதிப்பாளர் பதிவு பண்ணி வச்ச தகவல். அங்கே தப்பா இருந்தா உங்க லிஸ்ட்டுலயும் தப்பாத்தான் வரும். உங்க கட்டுரையைப் பார்த்து எடுக்கிறவங்களுக்கும் அதே தப்புதான் போகும்.

இப்ப எங்க வீட்டுக் கதைக்கு வர்றேன். எங்க பெரியப்பா மக, எனக்கு அக்கா. நம்ம கடற்கரையில கடல்பாசி எடுக்கிற பெண்களைப் பத்தி பிஎச்டி பண்றாங்க. முதல் கட்டுரையில நம்ம வழக்கப்படி இனிஷியலோட தன் பேரைப் போட்டாங்க. ரெண்டாவது கட்டுரைக்கு முன்னாடி பாஸ்போர்ட் எடுத்தாங்க. அதுல குடும்பப் பேர் பெட்டியில பெரியப்பா பேர் ஏறிடுச்சு. ஜர்னல் படிவத்துலயும் அப்படியே கேட்டாங்க, அப்படியே கொடுத்தாங்க. விளைவு என்னன்னா, ரெண்டாவது கட்டுரையை எடுத்தாளுறவங்க எல்லாம் பெரியப்பா பேரை முன்னால போட்டு, பின்னால ‘மற்றும் பிறர்’னு எழுதுறாங்க. பெரியப்பா சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுறவர். கடல்பாசி பத்தி உலகமே அவரை மேற்கோள் காட்டிக்கிட்டு இருக்கு!

சொன்னப்ப அவருக்கு ஒரே சிரிப்பு. “காசு கீசு வருமாடா தம்பி?”ன்னு கேட்டார். அக்காவுக்குச் சிரிப்பு வரல. வேலைக்கு விண்ணப்பிக்கிறப்ப கூகுள் ஸ்காலர்ல அவங்க ரெண்டு ஆளா இருக்காங்க, ஆளுக்கு ஒரு கட்டுரை. நாலு வருஷ உழைப்புல பாதி வேற யாரோ செஞ்ச மாதிரி.

நமக்குக் குடும்பப் பேர் இல்லாதது குறைன்னு சில பேர் பேசுவாங்க. எனக்குக் கோபம் வரும். 1929-ல செங்கல்பட்டுல நடந்த சுயமரியாதை மாநாடு, பேருக்குப் பின்னால இருந்த சாதிப் பட்டத்தை விடணும்னு தீர்மானம் போட்டது. அப்படி வேணும்னே காலி பண்ணின இடம் அது. இன்னைக்கு ஒரு வலைப் படிவம் சிவப்பு நட்சத்திரம் போட்டு ‘கட்டாயம் நிரப்பவும்’ங்குது. இந்தியாவுல நூலக அறிவியலுக்கே அடித்தளம் போட்ட எஸ்.ஆர். ரங்கநாதன் பேரையே பாருங்க. சீயாழிங்கிறது ஊர், ராமாமிர்தம் அப்பா, ரங்கநாதன் தன் பேர். உலகமே அவரை ‘ரங்கநாதன், எஸ்.ஆர்.’னுதான் தேடுது. தன் பேரைக் குடும்பப் பேர் பெட்டியில போட்டா ஒரு குடியும் முழுகிடாது.

அக்காவுக்கு நான் சொன்னதும் அதேதான். கடைசிப் பேர் பெட்டியில உன் பேர், முதல் பேர் பெட்டியில இனிஷியல். முதல் கட்டுரையில இருந்து கடைசி வரைக்கும் ஒரே மாதிரி. கூடவே ஆர்கிட் எண் எடுத்துக்கணும். 2012-ல இருந்து இருக்கு, இலவசம், பதினாறு இலக்கம். அதுல வேற எந்தெந்தப் பேர்ல எழுதியிருக்கீங்கன்னு சேர்க்க இடம் உண்டு. ரெண்டு கட்டுரையையும் அந்த ஒரே எண்ணுல கோத்துட்டாங்க. ரெண்டாவது கட்டுரையில பேரைத் திருத்தச் சொல்லி ஜர்னலுக்கு எழுதியிருக்காங்க, பதில் இன்னும் வரல.

மத்த விஷயத்தை வேகமா சொல்லிடறேன். ஏபிஏவா, வான்கூவரா, ஹார்வர்டாங்கிறதை அந்த ஜர்னலோட ‘ஆசிரியர்களுக்கான குறிப்பு’ பக்கத்தைப் பார்த்து முடிவு பண்ணுங்க, சீனியர் சொல்றதை வச்சு இல்ல. (ஹார்வர்ட் முறை, அதாவது அடைப்புக்குள்ள பேரும் வருஷமும் போடுறது, 1881-ல எட்வர்ட் மார்க்ங்கிற விலங்கியல் பேராசிரியர் ஓடில்லாத தோட்டத்து நத்தையைப் பத்தி எழுதின கட்டுரையில இருந்து வந்ததுன்னு சொல்வாங்க. நத்தைக்கு நன்றி.)

கடல் பத்தி எழுதுறவங்களுக்கு இன்னொண்ணு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-ல ஆரம்பிச்சது, மண்டபத்துல இருந்த அதோட தலைமையிடம் 1971-ல கொச்சிக்குப் போச்சு. அதோட பழைய அறிக்கைகளை எடுத்தாளுறப்ப ஊர்ப் பேர் கேட்டா, நூல்ல அச்சானபடி ‘மண்டபம் கேம்ப்’னே போடுங்க, கொச்சின்னு திருத்தாதீங்க. அப்புறம், நிறுவனத்தை ஆசிரியரா கொடுக்கிறப்ப ஜோட்டெரோவுல ஒற்றைப் பெட்டிக்கு மாத்துங்க, பிப்டெக்ஸ்ல இன்னொரு சுருள் அடைப்பு சேருங்க. இல்லன்னா ‘இன்ஸ்டிட்யூட், சி.எம்.எஃப்.ஆர்.’னு வரும். யாரோ இன்ஸ்டிட்யூட்ங்கிற பேர்ல ஒரு விஞ்ஞானி இருந்த மாதிரி. நான் நிஜமாவே பார்த்திருக்கேன், ஒண்ணு ரெண்டு இல்ல.

அனுப்புறதுக்கு முன்னாடி லிஸ்ட்டைத் தாள்ல பிரிண்ட் எடுத்து, தமிழ்ப் பேர் வர்ற ஒவ்வொரு வரியையும் மூலக் கட்டுரையோட முதல் பக்கத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்க. எண்பது ரெஃபரென்ஸ்னா ஒரு சாயங்காலம் ஆகும். சந்தேகம் இருந்தா எழுதுங்க, அடுத்த எபிசோட்ல எடுத்துக்கிறேன்.